வார்டில் எங்களோடு நின்றவர்களுக்கு நன்றி

எச்ஐவியுடன் வாழும் எங்களில் ஃப்ளூவோ கொரோனாவோ ஆர்எஸ்வி என்ற சளிக்காய்ச்சல் வைரஸோ நெஞ்சுக்குள் இறங்கி, மூச்சு வாங்க வந்து சேர்ந்தவர்களைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும் எங்கள் நன்றி. பொத்தாம்பொதுவாகச் சொல்லி முடிக்க மனம் வரவில்லை.

செவிலியர்களே, படுத்திருக்கும்போது ஆக்சிஜன் 96 காட்டுகிறதே என்று விட்டுவிடாமல், பக்கத்திலேயே நின்று சிறிது நடக்கவைத்து மறுபடி விரலில் மாட்டிப் பார்த்தீர்கள். நடந்ததும் அளவு மளமளவென்று இறங்கினால், வைரஸோடு, எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களைத் தாக்கும் பூஞ்சையால் வரும் நிமோசிஸ்டிஸ் நிமோனியாவும் சேர்ந்திருக்கலாம். சிடி4 எனும் எதிர்ப்பு சக்தி அணுக்களின் எண்ணிக்கை 200-க்குக் கீழே உள்ளவரிடம் அந்தச் சந்தேகம் கட்டாயம் வரவேண்டும். ஃப்ளூ பாசிட்டிவ் என்றதும் தேடுவதை நிறுத்திவிடுவது ஆபத்து. நிறுத்தாமல் சளியைக் காசநோய்ப் பரிசோதனைக்கும் அனுப்பிய மருத்துவர்களுக்கு நன்றி. அறிகுறி தொடங்கி 48 மணி நேரம் கடந்து வந்தவருக்கும், ரிசல்ட்டுக்குக் காத்திராமல் ஃப்ளூ மருந்தான ஒசெல்டாமிவிர் 75 மில்லிகிராம் இருவேளை தொடங்கினீர்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் குறைக்கவும் மறக்கவில்லை.

பரிசோதனைக்கு மூக்கிலிருந்து ஸ்வாப் எடுத்தவர்கள் குச்சியை மேல்நோக்கிச் செலுத்தாமல், மூக்கின் அடித்தளத்தை ஒட்டிக் காதுப் பக்கமாக விட்டு, தட்டுப்பட்ட இடத்தில் சில விநாடி நிறுத்திச் சுழற்றி எடுத்தார்கள். மூக்கு நுனியில் தடவி எடுத்திருந்தால் பொய்யான நெகட்டிவ் வந்து, சிகிச்சை திசைமாறியிருக்கும்.

மருந்தாளுநர்களுக்குத்தான் நாங்கள் அதிகம் கடமைப்பட்டிருக்கிறோம். ரிட்டோனாவிர் அல்லது கோபிசிஸ்டாட் கலந்த ஏஆர்டி (எச்ஐவிக்கான கூட்டு மருந்து) சாப்பிடுபவருக்கு, புடெசோனைடு என்ற ஸ்டீராய்டு நெபுலைசரில் எழுதப்பட்டிருந்தால், உடனே மருத்துவரைக் கூப்பிட்டுப் பேசினீர்கள். அந்த ஸ்டீராய்டைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை இந்த மருந்துகள் முடக்கிவிடுவதால், மூச்சில் இழுப்பதுகூட ரத்தத்தில் தேங்கும். முகம் ஊதும், சர்க்கரை ஏறும், அட்ரினல் சுரப்பி சோர்ந்துவிடும். பெக்லோமெத்தசோன் என்ற வேறொரு ஸ்டீராய்டில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. உணவுக் குழாய் (டியூப்) போட்டவர்களுக்கு எச்ஐவி மருந்துகளில் டோலுடெக்ராவிரைப் பொடித்துக் கரைக்கலாம், லோபினாவிர் மாத்திரையைப் பொடித்தால் உடம்பில் போதிய அளவு சேராது என்று கேஸ் ஷீட்டிலேயே எழுதிவைத்தீர்கள். அசிடிட்டிக்கான ஆன்டாசிட்டுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போதான் டோலுடெக்ராவிர் என்று நேரத்தையும் பிரித்துக் கொடுத்தீர்கள்.

ஆக்சிஜன் குழாய் இழுபடாமல் நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்த வார்டு உதவியாளர்களே, உங்கள் கைப்பக்குவம் பெரிது. ஏஆர்டி ஒரு வேளைகூடத் தவறாமல் பார்த்துக்கொண்டு, நோயின் பெயரைக் கட்டிலருகே உரக்கச் சொல்லாமல் காத்த ஆலோசகர்களே, உங்களுக்கும் நன்றி. எங்களோடு சேர்ந்து ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளும் குடும்பத்தினருக்கும் எங்கள் அன்பு.