இரண்டாம் நிலை கோல்ஃப் முடிவுகளுக்கும் நாலு வரி ஒதுக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் ஷேனன் டான் கோல்ஃபில் 13ஆம் இடத்தைப் பகிர்ந்துகொண்டபோதும், 2025இல் ஹிரோஷி டாய் அமெரிக்காவின் பெரிய போட்டியான அகஸ்டா மாஸ்டர்சில் ஆடிய முதல் சிங்கப்பூரர் ஆனபோதும் எங்கள் உறவுக்காரர்கள் எல்லாரும் கோல்ஃப் பேசினார்கள். நல்லது. அதே ஆட்கள் கல்யாண வீட்டில் என் தங்கை மகனைப் பார்த்தால், “என்னப்பா, இன்னும் ஒண்ணும் ஜெயிக்கலையா?” என்று கேட்டுவிட்டுப் பந்திக்குப் போய்விடுகிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அவன் எங்கே ஆடுகிறான் என்று எந்தத் தாளிலும் வருவதில்லையே.

அவன் ஆடுவது ஆசிய டெவலப்மென்ட் டூர். டூர் என்றால் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஊர் ஊராகப் போய் ஆடும் போட்டித் தொடர். இது ஆசிய டூருக்கு ஒரு படி கீழே, 2010இல் தொடங்கியது. ஆண்டு முடிவில் டூரின் தரவரிசைப் பட்டியலில் முதல் 10 பேருக்குள் வந்தால் மேல் டூரில் ஆட கார்டு கிடைக்கும். மற்றவர்கள் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஒரு சீசன் முழுக்க மலேசியப் போட்டிகளில் அவனுக்கு நான்தான் கேடி, அதாவது மட்டைப் பை சுமப்பவன். உள்ளூர் கேடிக்குக் கொடுக்கும் காசு மிச்சம் என்று தங்கைதான் அனுப்பிவைத்தாள். 14 மட்டைகள், குடை, மழைக்கோட்டு, தண்ணீர் எல்லாம் இருக்கும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு 18 குழியும் நடக்க வேண்டும். குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற புல்தரையில் புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. நம் பக்கத்துப் புல்லில் சாய்வோடு போகும் பந்து வேகமாக ஓடும், எதிர்த்துப் போனால் பாதியிலேயே நின்றுவிடும். மத்தியானம் இடி இடித்தால் சைரன் ஊதி எல்லாரையும் உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள். பாதியில் விட்ட ஆட்டத்தை மறுநாள் விடியற்காலையில் முடித்துவிட்டு, அப்புறம் அன்றைய ஆட்டத்தையும் ஆட வேண்டும்.

பணக்கணக்கைச் சொன்னால்தான் பலருக்குப் புரியும். மொத்தப் பரிசு 100,000 அமெரிக்க டாலர் என்றால் வென்றவருக்கு 17,500. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பட்டியலின் அடியில் முடிப்பவனுக்குச் சில நூறு டாலர்தான், அதிலும் வரி பிடிப்பார்கள். முதல் 36 குழிகள் முடிந்ததும் ‘கட்’. ஸ்கோரில் ஒரு கோடு போட்டு, அதற்குள் வராதவர்களை வெளியேற்றிவிடுவார்கள். பந்தை ஒரே ஒரு தடவை கூடுதலாக அடித்துக் கோட்டுக்கு வெளியே நின்றாலும் சல்லிக்காசு கிடையாது. நுழைவுக் கட்டணம், அறை வாடகை, பஸ், சாப்பாடு எல்லாம் போனது போனதுதான். இரண்டாம் நாள் மாலையில் ஸ்கோர் பலகை முன்னால் நின்று பார்க்க வேண்டும். தங்கள் ஆட்டத்தை எப்போதோ முடித்துவிட்ட பையன்கள், கடைசிக் குழுவில் யாராவது போகி (ஒரு குழிக்கு நிர்ணயித்ததைவிட ஒரு அடி கூடுதல்) போட மாட்டார்களா, கோடு ஒன்று இறங்காதா என்று காத்திருப்பார்கள். அடுத்தவன் தவறுவதை வேண்டிக்கொண்டு நிற்பது நல்ல பழக்கமில்லைதான். நானும் நின்றிருக்கிறேன்.

வேலை செய்வதற்கே கையிலிருந்து பணம் கட்டும் ஆட்களை ‘பணக்கார விளையாட்டு’ என்ற ஒரே பெட்டியில் போடுவது எனக்கு ஒப்பவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தேக்காவில் கடை வைத்திருக்கும் ஒருவர் அவனுடைய செலவில் கொஞ்சம் ஏற்றுக்கொள்கிறார். பதிலுக்கு அவனுடைய தொப்பியில் கடைப் பெயர். தங்கமான மனிதர். ஆனால் கடையில் பங்காளி ஒருவரும் இருக்கிறாரே! “தம்பி, பேப்பர்ல ஏதாச்சும் வந்துச்சா? ஒரு துண்டு இருந்தா பங்காளிகிட்ட காட்டிடுவேன்” என்று கடைக்காரர் கேட்கிறார். காட்ட ஒன்றும் இல்லை. கைப்பேசியில் இணையப் பட்டியலைத் திறந்து காட்டினால், அச்சில் வந்ததற்கு இருக்கும் மதிப்பு அதற்கு இல்லை. சிறு வியாபாரிகளை நம்பித்தான் இந்த டூரில் பாதிப் பேர் ஓடுகிறார்கள்.

மார்டான் மாமாட் 2006இல் லகுனா நேஷனலில் சிங்கப்பூர் மாஸ்டர்ஸ் கிண்ணத்தை வென்று, ஐரோப்பிய டூரில் வெற்றி பெற்ற முதல் சிங்கப்பூரர் ஆனபோது அவருக்கு வயது 38. தொழில்முறைக்கு வந்தது 1994இல். இடைப்பட்ட காலத்தில் அவரும் ஏதோ ஓர் ஊரில் பையைத் தூக்கிக்கொண்டு அறை தேடியிருப்பார். அதை நாம் எங்கே படித்தோம்?

ஆசிய டூரின் தலைமையகமே இங்கே செந்தோசாவில்தான் இருக்கிறது. முடிவுகளை வாங்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு போட்டி முடிந்ததும் அதில் ஆடிய சிங்கப்பூரர்களின் பெயர், ஸ்கோர், இடம் மட்டும் போடுங்கள். இங்கிலிஷ் பிரிமியர் லீக் புள்ளிப் பட்டியலுக்குக் கீழே நாலு வரி போதும். ‘கட்’ கோட்டைத் தாண்டாதவர்கள் பெயரையும் விட்டுவிடாதீர்கள். சீன, மலாய்ப் பெயர்களைத் தமிழில் எழுதுவதில் சந்தேகம் வந்தால் கேளுங்கள், சொல்கிறேன். அவர்களில் பலரோடு ஒரே மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டவன் நான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர்,
ஈசூன்