ஓ.டி.பி. வராதவர்களுக்கும் ஓ.பி. சீட்டு கொடுங்கள்

அரசு மருத்துவமனைகளின் வெளிநோயாளர் பிரிவைக் கணினிமயமாக்கும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஒருவருடைய மருத்துவப் பதிவுகளைக் கணினியில் இணைக்கும் 14 இலக்க ஆபா எண்ணைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கியபோதே, அதைப் பெறுவது அவரவர் விருப்பம் என்றுதான் சொல்லப்பட்டது. அந்த விருப்பம் எங்கள் ஊர் சீட்டுக் கவுன்டரில் என்ன பாடுபடுகிறது என்று சொல்லவே இந்த மடல்.

என் பெரியம்மாவுக்குச் சர்க்கரை நோய். போன வாரம் ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் நின்றார். ஆபா எண் இல்லாமல் சீட்டு போட முடியாது என்றார்கள். அவருடைய ஆதாரோடு இணைந்திருப்பது திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனின் எண். ஆபா எண் உருவாக்கத் தேவையான ஓ.டி.பி. அங்கே போயிற்று. ஷிப்டில் இருப்பவன் போனை எப்படி எடுப்பான்? "கொஞ்சம் ஓரமாக நில்லுங்கள், பாட்டி" என்று கவுன்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னார். அந்த ஓரத்தில் ஏற்கெனவே ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். டீ இடைவேளையில் மகன் கூப்பிட்டு எண்ணைச் சொன்னபோது அது காலாவதியாகியிருந்தது. அதற்குள் பெரியம்மாவுக்கு வியர்த்துக் கொட்டிக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் நின்றவர் கொடுத்த பிஸ்கட்டைத் தின்ற பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாப்பிட்டுவிட்டதால் பரிசோதனை மறுநாளைக்குத் தள்ளிப்போனது.

மறுநாள் ஓ.டி.பி. வந்தது. திரையில் 'சம்மதிக்கிறேன்' என்ற கட்டத்தை அந்தப் பெண்ணே டிக் செய்தார். எதற்குச் சம்மதம் என்று பெரியம்மாவும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. இப்படிச் சேரும் தரவு நாளை செயற்கை நுண்ணறிவுக்கும் போகலாம். மருத்துவத்தில் அதைப் பயன்படுத்துவது பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2023-இல் வெளியிட்ட நெறிமுறைகள், நோயாளிக்குப் புரியவைத்துப் பெறும் ஒப்புதலை வலியுறுத்துகின்றன. அந்த நெறிமுறைகள் கவுன்டர் வரை வந்து சேரவில்லை போலிருக்கிறது. அவற்றுக்கும் ஓ.டி.பி. வரவில்லையோ என்னவோ.

நான் கணினிக்கு எதிரி அல்ல. அரவிந்த், சங்கர நேத்ராலயா போன்ற மருத்துவமனைகளின் விழித்திரைப் படங்களைப் பார்த்துப் பயின்ற கூகுளின் செயற்கை நுண்ணறிவு, சர்க்கரை நோயால் கண்ணுக்கு வரும் பாதிப்பைக் கண்டுபிடிப்பதைப் படித்து மகிழ்ந்தவன். ஆனால் அதே தொழில்நுட்பத்தைத் தாய்லாந்தின் சுகாதார நிலையங்களுக்குக் கொண்டுபோனபோது, தரம் போதவில்லை என்று ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான படங்களை அது தள்ளிவிட்டது. விழித்திரைப் படத்துக்குத் தேவையான அளவு இருட்டாக்க முடியாத அறைகளில் எடுத்த படங்கள் அவற்றில் பல. 2020-இல் இதை வெளியே சொன்னவர்கள் கூகுளின் ஆய்வாளர்களே. இங்கே படம் எடுக்கும் கட்டம்கூட வரவில்லை. சீட்டுக் கட்டத்திலேயே ஆள் கழிக்கப்பட்டுவிடுகிறார். ஓரமாக நிற்க வைத்தவர்கள் சலித்துப்போய் வீடு திரும்பினால், அவர்களுடைய நோய் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. மிச்சமிருக்கும் தரவை வைத்து நாளை எந்த ஊர் மக்களின் நோயை ஆராயப் போகிறீர்கள்?

ஓ.டி.பி. வராதவர்களுக்கும் ஓ.பி. சீட்டு கொடுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

இத்தனை கணினி வந்தும் மருந்தகத்தில் "இந்த மாத்திரை இருப்பில் இல்லை, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்" என்பது மட்டும் மாறவில்லை. நோயாளியின் 14 இலக்க எண்ணைக் கேட்கத் தெரிந்த கணினிக்கு, மாத்திரை தீரப்போவதை ஒரு வாரம் முன்னால் சொல்லத் தெரியாதா? அங்கே இருக்கும் ரத்த அழுத்தக் கருவியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவல்ல.

கைப்பேசி இல்லாதவருக்கு முதலில் சீட்டைப் போட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள். எண் வேண்டுமென்றால், அவர் மருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஓர் ஊழியர் பக்கத்தில் உட்கார்ந்து, எதற்கு என்று தமிழில் விளக்கி, சம்மதித்தால் பதிவு செய்யட்டும். 'ஆபா எண் கட்டாயமில்லை' என்று கவுன்டருக்கு மேலே பெரிய எழுத்தில் ஒரு பலகை வையுங்கள். பெரியம்மாவுக்கு அடுத்த பரிசோதனை வரும் மாதம். அதற்குள் செய்து கொடுத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
வரிசையில் உடன் நின்ற ஒருவன்