செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர் பெருமக்களே, வணக்கம்.

நம் சங்கம் துணைநிற்கும் குழந்தைகள் இல்லத்தை ஊரார் இன்றும் ‘அனாதை இல்லம்’ என்றே சொல்கிறார்கள். ஆனால் அங்குள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ இருக்கிறார். கணவனை இழந்து கூலிக்குப் போகும் தாய், படுக்கையில் விழுந்த தந்தை, தள்ளாத பாட்டி என்று ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னும் ஒரு வீடு இருக்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. வறுமை ஒன்றுக்காகவே ஒரு பிள்ளை தாயைப் பிரிந்திருப்பது நமக்கு உறுத்த வேண்டும்.

ஆகவே இவ்வாண்டு அன்னதானத்தைக் குறைத்துக்கொண்டு, குடும்பங்களுக்கு உதவித்தொகை பெற்றுத்தருவதில் கவனம் செலுத்தினோம். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவில் மாதம் 4,000 ரூபாயும், தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாயும் கிடைக்க வழியுண்டு. விண்ணப்பிப்பது கடினமன்று, வெளியூரில் வேலைபார்த்த இடத்தில் இறந்த கணவரின் இறப்புச் சான்றிதழை வாங்குவதுதான் கடினம். அதற்காகத் தாய்மார்களுடன் அலுவலகம் அலுவலகமாக அலைந்த உறுப்பினர்களுக்கு என் நன்றி. அப்படி உதவி பெற்ற ஒரு தாய், குழந்தைகள் நலக் குழுவின் ஆணையோடு மகளை அழைத்துப்போக வந்த அன்று, அச்சிறுமி தன் தகரப் பெட்டியைத் திறந்து, பாதி கரைந்த சோப்பையும் புது ரிப்பனையும் பக்கத்துப் பாய்த் தோழியிடம் கொடுத்துவிட்டுப் புறப்பட்டாள்.

பிறந்தநாள் விருந்தளிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேக் வெட்டிப் படமெடுத்து முடியும்வரை பிள்ளைகள் தட்டேந்தி நிற்பதைக் கண்ட பின், படமெடுப்பதை அறவே நிறுத்தியுள்ளோம். பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் தடைசெய்கிறது.

பெருங்கவலை, 18 வயது நிறைந்து வெளியேறுவோரைப் பற்றியது. அவர்களுக்கு 21 வயதுவரை பிற்காப்பு, அதாவது இல்லத்தைவிட்டு வெளியேறிய பின்னான ஆதரவு, அளிக்க விதிகளில் இடமிருந்தும், தங்குவதற்கு அறை கிடைப்பதில்லை. சென்ற ஆண்டு வெளியேறி, பாலிடெக்னிக்கில் படிக்கும் நம் மாணவர் ஒருவரிடம், “சொந்தக்காரர் யாரையாவது கூட்டி வா” என்று மூன்று வீட்டுக்காரர்கள் சொல்லியனுப்பினர். நான்காவது வீட்டுக்கு நம் பொருளாளர் உடன்சென்று தாமே பொறுப்பேற்றுக் கையெழுத்திட்ட பிறகுதான் சாவி கைக்கு வந்தது.

இவ்வாண்டு வெளியேறவிருக்கும் பிள்ளைகளுக்காக இரண்டு அறைகளைச் சங்கத்தின் பெயரிலேயே வாடகைக்கு எடுக்கவும், அதற்கான முன்பணத்தைப் பொதுநிதியிலிருந்து வழங்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்