தலைவரின் சட்டைப் பையும் கம்பெனியின் கல்லாவும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ‘1830’ என்ற ரயில் பலகை விளையாட்டைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இதற்கு ஒரு தமிழ் நாளிதழ் அரைப்பக்கம் ஒதுக்கியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் நீளமான பாதை போட்ட கம்பெனியின் சொந்தக்காரரே வெல்வார் என்று எழுதியிருப்பது தவறு. அதை நம்பி உட்காருகிறவர் முதல் ஆட்டத்திலேயே மனம் வெறுத்து எழுந்துவிடுவார்.

நான் 31 ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்குப்பதிவியல் நடத்தியவள். கம்பெனி வேறு, அதன் பங்குதாரர் வேறு என்பதுதான் நான் கரும்பலகையில் எழுதும் முதல் பாடம். இந்த விளையாட்டும் அங்கேதான் தொடங்குகிறது. கம்பெனிக் கல்லாவில் ஆயிரம் டாலர் கிடந்தாலும் கடைசிக் கணக்கில் அதைச் சேர்க்க மாட்டார்கள். ஆடுகிறவர் கையிலுள்ள ரொக்கமும், அவர் வைத்திருக்கும் பங்குகளின் சந்தை விலையும் மட்டும்தான் கணக்கு.

பலகையில் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி. பென்சில்வேனியா, நியூயார்க் சென்ட்ரல், ஈரி என்று எட்டு ரயில் கம்பெனிகள். ஒன்றைத் தொடங்க நினைப்பவர் 20 சதவீதத் தலைவர் சான்றிதழை வாங்கி, 67 டாலரிலிருந்து 100 டாலர் வரையுள்ள ஆறு விலைகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 60 சதவீதப் பங்கு விற்றதும் கம்பெனி உயிர் பெறும். பத்துப் பங்குக்கான முழுப் பணமும் வங்கியிலிருந்து அதன் கல்லாவுக்கு வரும். பிறகு தண்டவாள அட்டைகளை அடுக்குவதும் நிலையம் வைப்பதும். அதைக் கட்டுரை நன்றாகவே விளக்கியிருக்கிறது.

ரயில் ஓடி வந்த வருமானத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால், விலைக் கட்டங்களில் பங்கு விலை வலப்பக்கம் ஏறும். கொடுக்காமல் கல்லாவில் வைத்துக்கொண்டால் இடப்பக்கம் இறங்கும். யாராவது பங்கை விற்றால், விற்ற ஒவ்வொரு பங்குக்கும் ஒரு படி கீழே போகும். பகடை கிடையாது. அதிர்ஷ்டத்தின் மேல் பழி போட முடியாது.

கட்டுரை தொடாமலே விட்டது ரயில்களின் ஆயுளைத்தான். ரயிலின் எண், அது ஓர் ஓட்டத்தில் எத்தனை ஊர்களைத் தொடலாம் என்பதைச் சொல்கிறது. முதலில் 80 டாலருக்குக் கிடைக்கும் 2-ரயில்கள், யாரோ ஒருவர் முதல் 4-ரயிலை வாங்கிய நொடியில் காயலான் கடைக்குப் போய்விடும். முதல் 6-ரயில் வந்தால் 3-ரயில்கள் போகும். டீசல் வந்தால் 4-ரயில்கள். பாதை இருந்தும் ரயில் இல்லாத கம்பெனி கட்டாயம் ஒன்றை வாங்கியே தீர வேண்டும். கல்லாவில் பணம் போதாவிட்டால் மீதியைத் தலைவர் தன் சட்டைப் பையிலிருந்து கொடுக்க வேண்டும். தன் பங்குகளை விற்றும் அவரால் முடியவில்லையென்றால் அவர் திவால், ஆட்டம் அங்கேயே முடிகிறது.

இதை நான் அனுபவித்தே கற்றேன். என் தம்பி ஈரியின் தலைவர், அவனிடம் ஐந்து பங்கு. நம்பிக்கையான கம்பெனி என்று நான் இரண்டு பங்கு வாங்கி வைத்திருந்தேன். ஒரு பங்குச் சுற்றில் அவன் ஐந்தையும் ஒரே மூச்சில் விற்றான். விலை ஐந்து படி சரிந்தது. 20 சதவீதம் வைத்திருந்த ஒரே ஆள் நான் என்பதால் தலைவர் பதவி என் தலையில் விழுந்தது. அந்தச் சான்றிதழைச் சந்தையில் தள்ளிவிட விதி இல்லை, ஏற்றுக்கொள்ள இன்னொருவரிடம் 20 சதவீதம் இருந்தாக வேண்டும். பங்கு விலை அதிகமுள்ள கம்பெனிதான் முதலில் இயங்கும். அதனால் அவனுடைய நியூயார்க் சென்ட்ரல் எனக்கு முன்பே இயங்கி முதல் 6-ரயிலை வாங்கியது. ஈரியின் இரண்டு 3-ரயில்களும் ஓடாமலே போயின. புது ரயில் 630 டாலர், கல்லாவில் இருந்ததோ 70. மீதி 560-க்கு என் கையிருப்பு 310-ஐக் கொடுத்து, பென்சில்வேனியாவில் வைத்திருந்த மூன்று பங்குகளை 112 டாலர் வீதம் விற்றேன். அன்று இரவு தம்பியுடன் பேசவில்லை. ஆனால் அவன் எந்த விதியையும் மீறவில்லை.

வகுப்பில் நான் சொல்லித்தந்தது வரையறுத்த பொறுப்பு: கம்பெனி கடன்பட்டால் பங்குதாரரின் வீட்டுப் பணத்தைத் தொட முடியாது. இந்த விளையாட்டு தலைவருக்கு மட்டும் அந்த வேலியை எடுத்துவிடுகிறது. என்னைப் பொறுத்தவரை இதன் மிகச் சிறந்த விதி அதுதான். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்வரை கம்பெனியின் வெறுங்கல்லா உங்கள் பிரச்சினை. அதனால்தான் மேசையைச் சுற்றி எல்லோரும் ஒருவர் கல்லாவை ஒருவர் எண்ணிக்கொண்டே இருக்கிறோம்.

இன்னும் இரண்டு திருத்தங்கள். இதை உருவாக்கிய பிரான்சிஸ் டிரெஷாம் அமெரிக்கர் அல்ல, பிரிட்டன்காரர். 1974-லேயே ‘1829’ என்ற விளையாட்டை வெளியிட்டவர். ‘1830’ அமெரிக்காவின் அவலான் ஹில் நிறுவனம் மூலம் 1986-ல் வந்தது. அடுத்து, இதைச் சிறுவர் பகுதியில் போட்டிருக்க வேண்டாம். எங்கள் வீட்டில் ஓர் ஆட்டம் ஐந்து மணி நேரத்துக்குக் குறைந்து முடிந்ததே இல்லை.

வெற்றி பெறும் வழி பற்றிய அந்த வரியை மட்டுமாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிடுங்கள். இடம் இருந்தால், அடுத்தவர் தொடங்கிய கம்பெனியில் இரண்டாவது பங்கை வாங்குமுன் அதன் கல்லாவையும் வங்கியில் மிச்சமிருக்கும் ரயில்களையும் எண்ணிப் பார்க்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
பணி ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை