மரச்சிற்பத்தின் அடியில் ஒரு பெயர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற கார்த்திகையில் ஹரித்வார் சென்று திரும்பும் வழியில், அங்கிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், உத்தரப் பிரதேசத்தில் உள்ள சஹாரன்பூரில் இரண்டு நாள் தங்கினேன். தமிழகத்திலிருந்து ஹரித்வாருக்கும் டேராடூனுக்கும் செல்கிற நம்மவர்கள் பெரும்பாலும் இந்த ஊரின் பெயரை ரயில் நிலையப் பலகையில் படித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். மரச் செதுக்கு வேலைக்கு நாடெங்கும் பெயர் பெற்ற ஊர் என்பதால், தச்சரின் மகனாகிய எனக்கு அங்கே இறங்காமல் வர மனமில்லை. அங்கு கண்ட வேலையையும், அங்கு வாங்கிய ஒரு பொருளால் பட்ட ஏமாற்றத்தையும் முன்வைத்து, மரச்சிற்பத்துக்குப் பெயர் பெற்ற நம் கள்ளக்குறிச்சிக்கும் அரும்பாவூருக்கும் பொருந்துகிற ஒரு கோரிக்கையைத் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

சஹாரன்பூரில் காத்தா கேடி என்ற பகுதிக்குள் நுழைந்தால், கண்ணுக்கு எதுவும் தென்படும் முன்பே உளியின் ஓசை காதில் விழுகிறது. வீட்டின் முன்னறையே பட்டறை. வாசலில் அறுத்த பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் காற்றுப் போகும்படி இடைவெளி விட்டு அடுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே பெரிதும் மதிக்கப்படும் மரம் சீஷம். நம் ஊர் ஈட்டி மரத்தின் இனத்தைச் சேர்ந்தது அது. வைரம் பாய்ந்த பகுதி பொன்பழுப்பாகவோ கரும்பழுப்பாகவோ, கருவரிகள் ஓடியபடி இருக்கும். ஓரத்து வெள்ளைப் பகுதியில்தான் வண்டு எளிதில் விழும். அடுத்ததாக அதிகம் புழங்குவது மாமரம். அதன் நிறம் வெளிறியது என்றாலும், அடர்ந்த பாலிஷ் பூசிவிட்டால் சீஷத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு பழகாத கண்ணுக்குத் தெரியாது.

ஒரு பட்டறையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தரையில் அமர்ந்து, பலகையைப் பாதத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அங்கூரி என்று அவர்கள் சொல்லும் திராட்சைக்கொடி வேலையைச் செய்துகொண்டிருந்தார். நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். முதலில் கொடியின் இருபுறமும் உள்ள மரத்தை அகன்ற உளியால் இறக்கினார். பிறகு, விரல் அகலம்கூட இல்லாத வளைந்த உளி ஒன்றை எடுத்து, இலையின் விளிம்புக்கு அடியில் சாய்வாகச் செலுத்தி, இலை பலகையை விட்டு எழும்பி நிற்பதுபோல் தெரியும்வரை உள்ளே குடைந்தார். அந்த இடத்தில் கட்டைச் சுத்தியல் பயன்படாது, உள்ளங்கையால்தான் உளியின் பிடியைத் தட்டுகிறார்கள். ஒரு தட்டு அதிகமாகிவிட்டால் இலை நுனி தெறித்துவிடும், அதன்பின் அந்தப் பலகை சிறிய வேலைக்குத்தான் ஆகும். என் தந்தையார் நிலைக்கதவுகளில் கொடி செதுக்கும்போது இதே இடத்தில் மூச்சை அடக்கிக்கொள்வார். இந்தச் சஹாரன்பூர்க்காரரும் அப்படியே செய்ததைக் கண்டபோது எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது.

அவர் கைவேலைப்பாட்டில் ஒரு சிறு தட்டை அவரிடமே வாங்கிக்கொண்டு, அதன் பின்புறம் பெயரை எழுதித் தருமாறு கேட்டேன். என் அரைகுறை இந்தியை அவர் தவறாகப் புரிந்துகொண்டு, வாங்குகிறவர் பெயரை எழுத வேண்டுமோ என்று என் பெயரைக் கேட்டார். இத்தனை ஆண்டுகளில் அவருடைய பெயரை எழுதச் சொல்லி எவரும் கேட்டதில்லையாம். கடைசியில் பென்சிலால் தம் பெயரையும், நான் சொல்லாமலே அதன்கீழ் ‘சீஷம்’ என்ற சொல்லையும் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் கடைத்தெருவில் பெரிய கடை ஒன்றில், சீஷம் என்று உறுதி சொல்லி, 1,800 ரூபாய்க்கு ஒரு நகைப்பெட்டியை எனக்கு விற்றார்கள். ஊருக்கு வந்த சில மாதங்களில் அந்தப் பெட்டியின் அடியில் மாவு போன்ற பொடி உதிரத் தொடங்கியது. மூடியின் உட்புறத்தைச் சிறிது சுரண்டிப் பார்த்தபோது, பாலிஷுக்குக் கீழே வெளிறிய மாமரம் தெரிந்தது. செதுக்கியிருந்த கொடியையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு இலையும் மற்றொன்றின் அச்சாக இருந்தது. உள்மூலைகள் எல்லாம் கூர்மையின்றி ஒரே அளவில் உருண்டிருந்தன. சுழலும் இயந்திர உளி உருண்டையான முனை கொண்டது; கைஉளியைப்போல் மூலையைக் கூராக அதனால் எடுக்க முடியாது. ரசீதில் எழுதியிருந்ததோ ‘மரப்பெட்டி - 1’ என்பது மட்டுமே.

மாமரத்தை நான் குறைசொல்லவில்லை. காய்ப்பு நின்ற மரங்களை வெட்டி, நன்றாக உலர்த்தி, பூச்சி மருந்து ஏற்றிச் செய்தால், அது நெடுங்காலம் உழைக்கும். அதன் விலைக்கு அதை மகிழ்ச்சியோடு வாங்கியிருப்பேன். இயந்திரத்தையும் தடுக்கச் சொல்லவில்லை. ஆனால் சாயம் பூசிய மாமரமும், இயந்திரம் கடைந்த கொடியும், காத்தா கேடியில் மூச்சை அடக்கிச் செதுக்கியவரின் சீஷமும் ஒரே அலமாரியில் ஒரே பெயரில் நிற்கும்போது, வாங்குகிறவர் விலை குறைந்ததையே எடுப்பார். அதனால் நஷ்டம் எனக்கு 1,800 ரூபாய். அந்த மனிதருக்கோ பிழைப்பே போகிறது.

மரத்தின் பெயரை எழுதுவது இயலாத காரியம் அன்று. அருகிவரும் உயிரினங்கள், மரங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 2017 ஜனவரி முதல் சீஷம் சேர்க்கப்பட்ட பிறகு, ஏற்றுமதிக்குச் செல்லும் பொருள்களுக்கு மரம் சட்டப்படி பெறப்பட்டது என்பதற்கான ‘விருக்ஷ்’ சான்று வாங்கும் வழக்கம் இந்தத் துறையில் நிலைபெற்றுவிட்டது. 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த அந்த உடன்படிக்கையின் கூட்டத்தில், ஒரு பொருளில் உள்ள சீஷம் 10 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் சைட்டீஸ் அனுமதி தேவையில்லை என்று தளர்த்தினார்கள். அந்தக் கணக்கிலும் பித்தளை போன்ற உலோகத்தின் எடையை நீக்கி, மரத்தின் எடையை மட்டுமே பார்க்கிறார்கள். வெளிநாட்டில் இருப்பவருக்காக மரத்தை இவ்வளவு துல்லியமாகக் கணக்கெடுக்க முடிகிறபோது, நேரில் வந்து வாங்கும் நம் நாட்டவருக்கு அதன் பெயரை ஒரு வரியில் எழுதித் தர முடியாதா?

புவிசார் குறியீடு இருக்கிறதே என்று கேட்கலாம். சஹாரன்பூர் மரவேலைக்கு அது உண்டு. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020லும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021லும் கிடைத்தது. பதிவகமே சென்னையில்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது; ஒரு குறிப்பிட்ட பொருள் எந்த மரத்தில், யார் கையால் ஆனது என்பதை அது மட்டும் சொல்லிவிடாது. பட்டுக்கு 2004 முதல் சில்க் மார்க் முத்திரையும், கைத்தறிக்கு 2006 முதல் தனி முத்திரையும் உள்ளன. காஞ்சிபுரத்தில் சேலை வாங்கும் நம் வீட்டுப் பெண்கள் அந்தச் சீட்டைத் திருப்பிப் பார்க்காமல் பணத்தை எடுப்பதில்லை. நான் ஏறி இறங்கிய மரச்சிற்பக் கடை எதிலும் அப்படி ஒரு சீட்டைக் காணவில்லை.

ஆகவே, கைவினைப் பொருள்களுக்குப் பொறுப்பான மத்திய, மாநிலத் துறைகள் இதற்கு ஒரு சிறு அட்டையைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அதில் மரத்தின் பெயர், கையால் செதுக்கியதா இயந்திரத்தால் கடைந்ததா என்ற விவரம், செதுக்கியவரின் பெயர் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். மத்திய அரசு கைவினைஞர்களுக்கு வழங்கும் ‘பெஹ்சான்’ அடையாள அட்டையில் ஏற்கெனவே ஓர் எண் இருக்கிறது. பெயரோடு அந்த எண்ணையும் பொறித்துவிட்டால் பொய்ப் பெயர் எழுதுவது கடினமாகிவிடும். இதற்கெனப் புதிதாக அலுவலகம் எதுவும் திறக்க வேண்டியதில்லை.

கள்ளக்குறிச்சியிலும் அரும்பாவூரிலும் இதைச் செய்வது இன்னும் எளிது. அங்கே தெய்வத் திருமேனிகளும் வாகனங்களும் கதவுகளும் செய்கிறவர்கள், வாகையா, தேக்கா, மாவிலங்கமா என்று கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். கோயிலுக்கு வேலை செய்து பழகியவர்கள் மரத்தை மாற்றிச் சொல்ல அஞ்சுவார்கள். அந்தச் சொல் அவர்கள் பட்டறையை விட்டு வெளியேறி, இரண்டு மூன்று கை மாறிக் கடைக்கு வரும்போதுதான் காணாமற் போகிறது. அரசு விற்பனை நிலையமான பூம்புகார், தன் அலமாரியில் வைக்கும் ஒவ்வொரு மரச்சிற்பத்துக்கும் முதலில் இந்த அட்டையைக் கட்டட்டும். அதுவரை, இந்த ஊர்களுக்குச் செல்லும் வாசகர்கள் பட்டறைக்கே போய் வாங்கி, செதுக்கியவரின் பெயரையும் மரத்தின் பெயரையும் அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு பென்சிலைச் சட்டைப்பையில் எடுத்துச் செல்லுங்கள், பட்டறையில் தேட வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி.