கைப்பின்னல் மேஜை: யார் யார் வருகிறீர்கள்?

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் 14 ஞாயிறு, காலை 10 முதல் இரவு 8 வரை பெரம்பூரில் நடக்கும் கைவினைச் சந்தையில் நம் குழுவுக்கு ஒரு மேஜை கிடைத்திருக்கிறது. பின்னல் போடுகிற எல்லோரும் இதை முழுசாகப் படித்துவிடுங்கள்.

1. பொருட்களை வெள்ளி மாலை 6 மணிக்குள் சங்க அறையில் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் பெயர், விலை, காட்டனா அக்ரிலிக்கா என்று எழுதிய சீட்டு இருக்கட்டும்.

2. நம்ம ஊர் வெயிலுக்குப் பெரிய ஸ்வெட்டர் போகாது. குழந்தைக் குல்லா, சாக்ஸ், காட்டன் நூல் பை, மேஜை விரிப்பு கொண்டு வாருங்கள். மார்கழி பிறக்கப் போகிறது, விடியலில் கோயிலுக்குப் போகிறவர்களுக்குக் காது மூடுகிற குல்லாவும் சால்வையும் வைக்கலாம்.

3. விலை போடும்போது நூல் செலவோடு நிறுத்தாதீர்கள், உட்கார்ந்து பின்னிய நேரத்தையும் சேருங்கள். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கிறதே என்று கேட்பார்கள், அது மெஷினில் பின்னியது, இது கையால் கண்ணி கண்ணியாக எடுத்தது என்று பொறுமையாகச் சொல்லுங்கள், அடிமாட்டு விலைக்கு மட்டும் தயவுசெய்து இறங்க வேண்டாம், ஒருவர் இறங்கினால் பக்கத்தில் வைத்திருப்பவருக்கும் நஷ்டம்.

4. வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டியது: கையால் துவைத்து, முறுக்கிப் பிழியாமல், விரித்துக் காயவைக்க வேண்டும். கொடியில் ஈரத்தோடு தொங்கினால் இழுத்துக்கொண்டு நீண்டுவிடும்.

5. சில்லறை, ஜிபே அட்டை என் பொறுப்பு.

அப்புறம், மேஜையைப் பார்த்துக்கொள்ள காலை, மதியம், மாலைக்கு ஆள் வேண்டும். முடிந்தவர்கள் பெயரையும் நேரத்தையும் புதன் இரவுக்குள் இங்கேயே போடுங்கள்.