கூடாரத் தடையைக் காட்டி எங்கள் குடிசைகளை அகற்ற வேண்டாம்: தேவிகுளம் சப் கலெக்டருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள்,
தேவிகுளம் தாலுகா, இடுக்கி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு சப் கலெக்டர் அவர்கள்,
தேவிகுளம்.

பொருள்: கூடாரத் தடைத் தீர்மானத்திலிருந்து எங்கள் குடிசைகளுக்கு விலக்கும், வீட்டுமனையும் கோருதல் தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தும் கவாத்து வெட்டியும் பிழைத்தவர்கள் நாங்கள். வேலை இருக்கும்வரை லயத்தில், அதாவது தோட்டத்தின் வரிசை வீட்டில், ஓர் அறை உண்டு. ஓய்வு பெற்றதும் அந்த அறையைக் காலி செய்தால்தான் சர்வீஸ் பணம் கைக்கு வரும். பிள்ளைகளில் ஒருவர் தோட்ட வேலைக்கு நின்றிருந்தால் அறை தங்கியிருக்கும். எங்கள் பிள்ளைகள் பிழைப்புத் தேடித் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள். தாத்தா காலத்திலேயே மலையேறிவிட்ட எங்களுக்குத் தமிழ்நாட்டிலும் சொந்த மண் இல்லை. ஆகவே சாலையோரப் புறம்போக்கில் படுதா கட்டிக் குடியிருக்கிறோம்.

பொது இடங்களில் அனுமதியின்றிக் கூடாரம் அடிக்கக் கூடாது என்று எங்கள் கிராமப் பஞ்சாயத்து அண்மையில் தீர்மானம் போட்டது. சுற்றுலா வருகிறவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு அவசியம் வேண்டும். புல்மேட்டில் விடிய விடியப் பாட்டும் தீயும், விடிந்தால் ஓடை நிறைய பிளாஸ்டிக்கும். அங்கிருந்து மிரளும் யானை இறங்கி வருவது எங்கள் பக்கம்தான். ஆனால் அதே தீர்மானத்தைக் காட்டி எங்கள் குடிசைகளிலும் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஏழு நாளில் கூடாரங்களை அகற்ற வேண்டுமாம்.

ஐயா ஒருமுறை நேரில் வந்து பார்க்க வேண்டும். நான்கு சில்வர் ஓக் கம்புகள், மேலே நீலப் படுதா, காற்றில் பறக்காமலிருக்க ஓரமெல்லாம் கல். உள்ளே மண் அடுப்பு. ரேஷன் கார்டும் பென்ஷன் புத்தகமும் நனையாதபடி பையில் சுற்றி, கம்பில் கட்டித் தொங்குகின்றன. கார்டில் இன்னமும் பழைய லயத்து விலாசம்தான். விடுமுறைக்கு வந்தவர் கூடாரத்தைச் சுருட்டி ஜீப்பில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். நாங்கள் சுருட்டிக்கொண்டு எங்கே போவது?

கேரள அரசின் வீட்டுவசதித் திட்டமான லைஃப் மிஷனில் வீடு கட்ட 4 லட்சம் ரூபாய் கிடைக்கும் என்றார்கள், விண்ணப்பித்தோம். கட்டுவதற்கு மனை இல்லாததால் கோப்பு நகரவில்லை. 1971-ஆம் ஆண்டின் கண்ணன் தேவன் மலை நிலச் சட்டப்படி அரசு எடுத்துக்கொண்ட நிலம் இதே தாலுகாவில்தான் இருக்கிறது. அதில் குடும்பத்துக்கு ஒரு மனை ஒதுக்கித் தாருங்கள். சரிவில் மட்டும் வேண்டாம். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடி நிலச்சரிவில் லயங்களோடு எழுபது உயிர்களை மண் மூடியது. அதன்பிறகு எட்டுக் குடும்பங்களுக்குக் குட்டியார்வேலியில் வீடு கிடைத்தது. இழவு விழுந்தால்தான் வீடு என்ற நிலை எங்களுக்கும் வர வேண்டாம், ஐயா.

இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கப்போகிறது. 1985-இல் மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில், அகற்றுவதற்கு முன் அவர்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், மழைக்காலம் முடியும்வரை அவர்களை அகற்றவும் விடவில்லை. எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆகவே நோட்டீசை நிறுத்திவைத்து, பஞ்சாயத்தையும் வருவாய்த் துறையையும் எங்களையும் ஒரே நாளில் அழைத்து விசாரிக்க வேண்டுகிறோம். மனை கைக்கு வரும்வரை குடிசைகளில் கைவைக்கக் கூடாது என்று உத்தரவிடுங்கள்.

நோட்டீஸ் மலையாளத்தில் மட்டுமே இருந்ததால் எங்களில் பலருக்குப் படித்துக் காட்ட ஆள் தேட வேண்டியதாயிற்று. கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழர்களுக்கு அளித்துள்ள உரிமைப்படி, இம்மனுவுக்கான பதிலைத் தமிழில் தந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கையெழுத்தும் கைநாட்டும் இட்டுள்ள குடும்பத்தினர்